பழைய டைப்ரைட்டரில் துருப்பிடித்த, இறுகிய பாகங்களை இளக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளின் மிஷின்களைப் பழுதுபார்த்தே முப்பது வருடங்களுக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். இன்ஸ்டிட்யூட் வேலை இப்போது குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, வீட்டு மச்சில் கிடந்த மிஷினை இறக்கித் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பத்திர ஆபீஸ் வாசலில் அப்பா அடித்த ரெமிங்டன், கோர்ட்டுப் பக்கம் மாமா வைத்திருந்த ஹால்டா, அக்கா பரீட்சைக்குப் பழகிய கோத்ரெஜ் என்று ஒவ்வொரு மிஷினுக்குப் பின்னாலும் ஒரு ஆள் இருக்கிறார். கேள்விகள் மட்டும் எல்லோரிடமும் ஒன்றுபோல இருக்கின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைக் கீழே போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

மச்சில கிடந்த மிஷின் அண்ணாச்சி, ஒரு கீயும் எழும்பல்ல. முழுக்கத் துருப்பிடிச்சுப் போச்சா?

பெரும்பாலும் இல்லை. என்னிடம் "துரு" என்று வரும் மிஷின்களில் பாதிக்கு மேல் காய்ந்த எண்ணெய்தான் பிரச்சினை. எந்தக் காலத்திலோ விட்ட எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டியாகி, தூசியும் அழிரப்பர் துகளும் ரிப்பன் நூலும் அதில் சேர்ந்து, பலாச் சக்கைப் பசை போல ஆகியிருக்கும். சக்கைப் பசை கையில் ஒட்டினால் எண்ணெய் தடவிப் போக்கலாம். இந்தப் பசைக்கு அது நடக்காது.

டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாகவோ தேன் நிறத்திலோ மினுங்கி, தீக்குச்சியால் சுரண்டினால் மெழுகு மாதிரி வந்தால் அது பசை. செம்மண் நிறத்தில் சொரசொரப்பாக இருந்து, சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் துரு. பசையை ஒரு சாயங்காலத்தில் போக்கிவிடலாம். துருவுக்கு நாள் கணக்கில் பொறுமை வேண்டும்.

மிஷின் எந்த ஊரில் கிடந்தது என்று கேட்டாலே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்து மிஷின்களில் கணவாய்க் காற்று கொண்டுவந்த மண்தூசி எண்ணெயோடு குழைந்து கிடக்கும். குளச்சல், முட்டம், மணக்குடிக் கரையில் கிடந்தவற்றில் உப்புத் துரு. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் என்றால் ஈரம். துருவோடு பூஞ்சையும் சேர்ந்து வரும்.

அப்போ முதல்ல கொஞ்சம் எண்ணெய் விட்டா போதும்லா?

இல்லை. எண்ணெய் கடைசியில் வரவேண்டியது. பசையின்மேல் எண்ணெய் விட்டால் கொஞ்ச நேரம் இளகியதுபோல் இருக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து இன்னும் பெரிய பசையாகும்.

முதலில் செல்போனில் நாலு பக்கமும், அடியிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது என்பது கழன்று விழுந்த பிறகு ஞாபகத்தில் இருக்காது. அப்புறம் காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். அதற்குப் பிறகு கழுவும் திரவம், பாகத்தை மெதுவாக அசைத்துக்கொடுப்பது, மறுபடி கழுவுவது. எல்லாம் தானாக ஓடத் தொடங்கிய பிறகு, தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்.

எந்தக் கட்டத்திலும் பலம் காட்டாதீர்கள். வேலை பழகிய காலத்தில் இறுகியிருந்த ஒரு டைப் பாரை, அதாவது நுனியில் எழுத்து இருக்கும் கம்பியை, குறட்டால் பிடித்து இழுத்தேன். பார் வந்தது, வளைந்து வந்தது. அதை நிமிர்த்த ஒரு பகல் முழுக்கப் போயிற்று. அப்படியும் அந்த எழுத்து மட்டும் வரிக்கு ஒரு நூல் மேலேதான் விழுந்தது. பசையையும் துருவையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வளைந்த இரும்பை முழுசாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிவதில்லை.

எந்த எண்ணெய் நல்லது? வீட்டுல செக்குல ஆட்டின தேங்காய் எண்ணெய் இருக்கு.

தேங்காய் எண்ணெயைத் தலைக்கும் சமையலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும்; மார்கழி விடியற்காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாகத் திரண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாள்பட்டால் சிக்கு வாடை வந்து பிசுபிசுக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், மெல்லிய தோல் போலப் படிந்து காயும்.

தையல் மிஷின் எண்ணெய் போதும். இஞ்சக்‌ஷன் ஊசியிலோ தீக்குச்சி முனையிலோ ஒரு சொட்டு. கேரேஜ் (பேப்பரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும் மேல்பகுதி) ஓடும் தண்டவாளம், சுழலும் சக்கரங்களின் அச்சு, வரி முடிவில் அடிக்கும் பெல்லின் கை இவற்றுக்கு விடலாம். செக்மென்ட்டுக்கு விடவே கூடாது. அது எது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கழுவுறதுக்கு என்ன வாங்கணும்? பெயின்ட் கடை தின்னர் ஆகுமா?

தின்னர் வேண்டாம். பசையை எடுக்கும், கூடவே பெயின்ட்டையும் பிளாஸ்டிக் கீயையும் ரோலர் ரப்பரையும் கெடுத்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரும் அப்படித்தான். பெட்ரோல் கழுவத்தான் செய்யும். ஆனால் அதன் ஆவி தரையோடு பரவி அடுப்படி வரை போகும். வீட்டுக்குள் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைன் எண்ணெய்ப் பசைக்கு நல்லது. அது இல்லையென்றால் மண்ணெண்ணெய். அது பின்னால் ஒரு பிசுக்கை விட்டுப்போகும் என்பதால் அதன்மேல் ஒரு முறை ஸ்பிரிட் ஓட்டவேண்டும். செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு கழுவ வைத்திருக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்ற ஸ்பிரிட் அதற்கு ஏற்றது, மையையும் எடுக்கும், சீக்கிரம் காயும். எதையும் முதலில் மிஷினின் பின்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சில பழைய பெயின்ட்டும், முன்பக்கம் ஒட்டிய கம்பெனிப் பெயரும் ஸ்பிரிட்டுக்கே கரைந்துவிடும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது. நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள்.

எல்லாரும் செக்மென்ட், செக்மென்ட்னு சொல்லுதாங்க. அது எது? அதை எப்படிக் கழுவ?

மூடியைத் திறந்து மேலிருந்து பாருங்கள். டைப் பார்கள் எல்லாம் அரைவட்டமாக அடுக்கியிருக்கும். அவற்றின் அடிமுனைகள் சீப்புப் பல் மாதிரி வெட்டிய கனத்த இரும்புத் துண்டு ஒன்றுக்குள் போகும். அதுதான் செக்மென்ட். ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் ஒரு பார். எல்லாப் பார்களுக்கும் வளைந்த ஒரே கம்பிதான் அச்சு. வெட்டுக்கும் பாருக்கும் நடுவே இடைவெளி முடி அளவுதான். அதனால்தான் அங்கே எண்ணெய் விடக் கூடாது என்கிறேன். வெறும் உலோகமாக, சுத்தமாக இருந்தாலே பார் தன் எடையிலேயே விழும். எண்ணெய் இருந்தால் தூசியைப் பிடித்து வைக்கும்.

அடியில் பழைய துணியை மடித்து வையுங்கள். ஓவியப் பிரஷ்ஷில் டர்பன்டைனைத் தோய்த்து வெட்டுகளின் மேல் ஓட்டுங்கள், வெள்ளமாக ஊற்றவேண்டாம். பத்து நிமிடம் விட்டு, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பாரையும் விரலால் தூக்கித் தூக்கி விடுங்கள். ஆரம்பத்தில் கனமாக வரும்; இருபது முப்பது தடவைக்குப் பிறகு இளகும். கறுப்பாக வழிந்து வருவதைத் துணியால் ஒற்றி எடுங்கள், கழுவிய அழுக்கு அங்கேயே காய்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இப்படி மூன்று சுற்று, கடைசியாக ஸ்பிரிட்டில் ஒரு சுற்று. மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள். முந்தின ராத்திரி நன்றாக ஓடியது காலையில் திரும்ப மந்தமாக இருந்தால், உள்ளே பசை மீதி இருக்கிறது. இன்னொரு சுற்று போடுங்கள், அவ்வளவுதான்.

உண்மையிலேயே துருப்பிடித்த பார் என்றால், துருவை இளக்கும் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு அந்த வெட்டில் மட்டும் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பாரை அதன் அடிமுனைக்குப் பக்கத்தில் பிடித்து, முடி அளவு முன்னும் பின்னும் அசையுங்கள். எழுத்து இருக்கும் நுனியைப் பிடித்து அசைத்தால் பார் வளையும். இளகிய பிறகு அந்த எண்ணெயையும் ஸ்பிரிட்டால் கழுவி வெளியேற்றியே ஆகவேண்டும். வெட்டுக்குள் எமரித் தாளை மட்டும் விடாதீர்கள். இடைவெளி பெரிதானால் எழுத்து ஆடும்.

எல்லாக் கீயும் சரியாயிட்டு. ஒண்ணு ரெண்டு மட்டும் ரோலர்கிட்ட போய் ஒட்டிக்கிட்டு நிக்குது.

எழும்பும்போது லேசாகப் போய், எழுத்து விழும் இடத்தில் மட்டும் மாட்டிக்கொள்கிறது என்றால் அது பசையும் இல்லை, துருவும் இல்லை. அங்கே இரண்டு சின்னக் கொம்பு மாதிரி ஒரு வழிகாட்டி இருக்கும். ஒன்று அந்தக் கொம்பு வளைந்திருக்கும், இல்லாவிட்டால் பார் லேசாகச் சாய்ந்திருக்கும். எந்தப் பக்கம் உரசுகிறது என்று பாருங்கள், அங்கே இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும். ஒரே ஒரு எழுத்து மாட்டினால் பாரை விரலால் எதிர்ப்பக்கம் மெதுவாக அழுத்துங்கள். பல எழுத்துகள் மாட்டினால் வழிகாட்டியைப் பாருங்கள். வேகமாக அடித்து இரண்டு பார்கள் மோதிய மிஷின்களில் இது சகஜம்.

டபிள்யூ.டி.-40 அடிச்சேன். ரெண்டு நாள் ஜோரா ஓடிச்சு. இப்போ முன்னைவிட மோசம். என் தப்பா?

உங்கள் தப்பு என்று சொல்லமாட்டேன், எல்லாக் கடையிலும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அது 1953-ல் அமெரிக்காவில், உலோகத்தின்மேல் நிற்கும் ஈரத்தை விரட்டுவதற்காகத் தயாரித்த திரவம். ஈரம் பட்ட இரும்புக்கும் இறுகிய போல்ட்டுக்கும் அது உதவும். ஆனால் அதில் மெல்லிய எண்ணெய் இருக்கிறது. கரைக்கும் திரவம் ஆவியாகிப் போன பிறகு அந்த எண்ணெய் செக்மென்ட்டுக்குள் தங்கி, பழைய பசையோடு கலந்து, தூசியையும் இழுத்துக்கொள்ளும். தெளிப்பதால் வேண்டாத இடமெல்லாம் போய்ச் சேர்வது இன்னொரு கஷ்டம். ரிப்பனும் ரோலரும் நனைந்துவிடும்.

செக்மென்ட்டுக்குச் சொன்ன மூன்று சுற்றுக் கழுவலை ஐந்து சுற்றாகச் செய்யுங்கள். சரியாகிவிடும்.

கேரேஜ் ஒரு இஞ்சு கூட அசையல்ல. தள்ளினாலும் கல்லு மாதிரி நிக்குது.

துரு என்று முடிவு கட்டுவதற்கு முன் சும்மா பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பெட்டியோடு வரும் சின்ன மிஷின்களில் கேரேஜைப் பூட்டும் நெம்புகோல் ஒன்று ஓரத்தில் இருக்கும். வலது மார்ஜின் வந்து நின்றிருந்தால், மார்ஜின் ரிலீஸ் கீயை அழுத்தாமல் நகராது. வரியின் இரு எல்லையிலும் கேரேஜைத் தடுக்கும் மார்ஜின் ஸ்டாப் இரண்டும் நடுவில் நெருங்கி மாட்டியிருக்கலாம். ஒரு டைப் பார் பாதியில் நின்று தடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு முறை வடசேரியிலிருந்து ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்த மிஷினை மார்ஜின் ரிலீஸ் ஒன்றை அழுத்தியே ஓடவைத்து அனுப்பினேன்.

இவை எதுவும் இல்லையென்றால், கேரேஜின் இரு முனையிலும் இருக்கும் ரிலீஸ் நெம்புகோலை அழுத்திக்கொண்டு நகர்த்திப் பாருங்கள். அப்போது லேசாக ஓடினால் தண்டவாளம் நன்றாக இருக்கிறது. கோளாறு அடியில் இருக்கும் எஸ்கேப்மென்ட்டில், அதாவது ஒரு கீக்கு ஒரு பல் என்று விடும் நட்சத்திரச் சக்கரத்திலும் அதன் நாக்குகளிலும். அங்கே ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் போதும். கழுவியபின் சக்கரத்தின் அச்சுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். நெம்புகோலை அழுத்தியும் அசையாவிட்டால்தான் தண்டவாளத்தில் துரு.

தண்டவாளத் துருவுக்கு இரு பக்கமும் இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு கேரேஜை இரண்டு கையாலும் சமமாகப் பிடித்து ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம். நகர்ந்த அளவுக்குத் தெரியும் துருவை மிக நைசான ஸ்டீல் வூலில் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் துடையுங்கள். மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு நூல். மூன்று நாள் எடுத்த மிஷின்கள் உண்டு. கேரேஜைக் கழற்றவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே சின்னக் குண்டுகளோ உருளைகளோ இருக்கும். அவை தரையில் சிதறினால் ஒன்றாவது கிடைக்காமல் போகும்.

பரீட்சை சென்டருக்கு டெம்போவுல மிஷின் ஏத்திக்கிட்டு போனோம். இறக்கினதும் பிடிச்சுக்கிட்டு.

பிப்ரவரி, ஆகஸ்டு பரீட்சை சமயத்தில் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர்கள் கேட்பது இது. துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆபீஸ் மிஷின் ஒன்று 15 கிலோ பக்கம் இருக்கும். கேரேஜ் முனையைப் பிடித்துத் தூக்கினால் எடை முழுவதும் தண்டவாளத்தில் விழும். இரண்டு மார்ஜின் ஸ்டாப்பையும் நடுவுக்குக் கொண்டுவந்து கேரேஜை நிறுத்தி, அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். ஏற்கெனவே பிடித்துக்கொண்டது என்றால் முந்தைய பதிலில் உள்ள பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கையால தள்ளினா கேரேஜ் போகுது, அடிச்சா தானா இழுக்கல்ல. உள்ள ஒரு நாடா அறுந்து தொங்குது.

அந்த நாடாதான் கேரேஜை இழுப்பது. ஒரு முனை மெயின் ஸ்பிரிங் இருக்கும் டிரம்மிலும் மறுமுனை கேரேஜ் ஓரத்திலும் மாட்டியிருக்கும். கோத்ரெஜ் கம்பெனியே 2009-க்குப் பிறகு மிஷின் செய்வதில்லை, புதிய நாடாவைத் தேடி அலையவேண்டாம். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் பின்னிய தூண்டில் கயிறு நன்றாக உழைக்கும். ஒற்றை இழைத் தங்கூசி வேண்டாம், அது நாளாக ஆக நீண்டு கொடுக்கும்.

டிரம்மைத் திருப்பும்போது ஒரு கையை எடுக்காதீர்கள். விட்டுவிட்டால் அது விர்ரென்று சுழன்று, உள்ளே ஸ்பிரிங்கின் கொக்கி கழன்றுவிடும். அதைத் திரும்ப மாட்டுவது வீட்டு வேலை இல்லை. கேரேஜ் கடைசி எழுத்து வரை தயங்காமல் போகும் அளவுக்கு முறுக்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் எழுத்து விட்டுவிட்டு விழும், நாக்குகளும் சீக்கிரம் தேயும்.

ஸ்குரூ திரும்பவே மாட்டேங்குது. இழுத்து இழுத்துத் தலையும் தேஞ்சு போச்சு.

முக்கால்வாசி தலைகள் தேய்வது ஸ்குரூ டிரைவர் பொருந்தாததால்தான். வெட்டின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் ஆடாமல் உட்காரும் டிரைவர் வேண்டும். இல்லையென்றால் ஒன்றை அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள். நான் அப்படித் தேய்த்த ஐந்தாறு டிரைவர்களை வைத்துத்தான் எல்லா மிஷினையும் கழற்றுகிறேன்.

இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். டிரைவரை வெட்டில் வைத்து, சின்னச் சுத்தியலால் அதன் பிடியில் நாலைந்து தட்டு. அந்த அதிர்ச்சியில் துரு வெடிப்பு விடும், எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு முடி அளவு திருப்பிப் பாருங்கள். அசைந்துவிட்டால் அப்புறம் கழற்றுவது சுலபம். அப்படியும் வராவிட்டால் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, சால்டரிங் அயர்ன் முனையை ஸ்குரூ தலையில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். சூட்டில் விரிந்து ஆறும்போது பிடி விடும். எண்ணெய் இருக்கும்போது சூடு காட்டினால் தீப்பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

தலை தேய்ந்துபோனால் மெல்லிய ரம்பத்தால் வெட்டைக் கொஞ்சம் ஆழப்படுத்தலாம். டிரில் போடுவது கடைசி வழி.

ரப்பர் ஷீட்டுக்கு வாங்கின ஆசிட் இருக்கு. அதுல ஊறப்போட்டா துரு போயிருமா? புளியும் வினிகரும் சொல்லுதாங்க.

குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ரப்பர் பாலை உறையவைக்கும் அந்த ஃபார்மிக் ஆசிட் துருவைத் தின்னும். நல்ல இரும்பையும் தின்னும், உங்கள் கையையும் பொசுக்கும். மிஷினுக்குப் பக்கத்தில் அதைத் திறக்கவே வேண்டாம். ஆசிட் வைத்திருக்கும் அறையில் மிஷினையும் வைக்காதீர்கள், ஆவி பட்டாலே துரு ஏறும். ஷீட் போடும் கொட்டகையில் வருடக்கணக்கில் இருந்த ஒரு மிஷினைத் திறந்தபோது, கம்பிகள் எல்லாம் நிறம் மாறி மேல் தோல் உரிந்திருந்தது.

வினிகரைப் பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு. மிஷினிலிருந்து கழற்றிய, பளபளப்பு முலாம் இல்லாத, சாதாரண இரும்புத் துண்டுகளுக்கு மட்டும். சில மணி நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சலவை சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, ஸ்பிரிட் தடவி, எண்ணெய் பூசுங்கள். நடுவில் டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் புதிய துரு பூத்திருக்கும். ஸ்பிரிங்கை எந்த அமிலத்திலும் போடாதீர்கள். அமிலம் இரும்பைத் தின்னும்போது வெளிவரும் ஹைட்ரஜன் அந்த எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைத்துவிடும். மாட்டி இழுத்தால் படாரென்று முறியும். புளி குத்துவிளக்குக்குத்தான்.

எங்க வீடு குளச்சல்ல, கடல் பக்கம். துடைச்சு எண்ணெய் போட்டு வச்சாலும் ஒரு மாசத்துல திரும்பவும் துரு.

கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து, காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்கிறது. மழையே இல்லாவிட்டாலும் இரும்பு நனைந்தே இருக்கும். நமக்கோ ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் விட்டுப்போகும் மாதங்கள் குறைவு. உப்பை எடுக்காமல் மேலே எண்ணெய் பூசினால் அந்த எண்ணெய்க்கு அடியிலேயே துரு வளரும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும்.

அதனால் கரையோர மிஷினுக்கு மட்டும் நான் முறையை மாற்றுகிறேன். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் துணியை நனைத்துப் பிழிந்து, துருப்பிடித்த இடங்களை ஒன்றிரண்டு முறை துடைக்கிறேன். உடனே ஸ்பிரிட்டில் துடைத்துத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகே எண்ணெய். மிஷினைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபடும். துணி உறை போட்டு, கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி, கதவு உள்ள அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பக்கம் அடிப்பது.

வெள்ளத்துல முங்கிப்போச்சு. வெயில்ல காயவச்சிருக்கோம். சரிதானே?

எடுத்து வேலையைத் தொடங்குங்கள், காத்திருக்க நேரமில்லை. 2023 டிசம்பர் மழையின்போதும் பலர் வெயிலில் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் சேறு செக்மென்ட்டுக்குள் சிமெண்டு போல இறுகியிருந்தது. கொளுத்தும் வெயில் ரோலர் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

சேற்றுத் தண்ணீரோ கடல் தண்ணீரோ, காய்வதற்கு முன்னால் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். நனைந்த மிஷினை மறுபடி நனைப்பதா என்று பயப்படுவார்கள். கடல் தண்ணீர் பட்டதென்றால் ஒன்றுக்கு மூன்று முறை அலசுங்கள். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. ரோலரைக் கழற்ற முடிந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், உள்ளே மரம் இருந்தால் ஊறிப் பருத்துவிடும். அலசியதும் கவிழ்த்து வடியவிட்டு, ஸ்பிரிட் ஓட்டி, டேபிள் ஃபேனை வேகமாக வைத்து ஒரு ராத்திரி. டயர் கடை கம்ப்ரசர் காற்று வேண்டுமென்றால், முதலில் அதைத் துணியில் அடித்துப் பாருங்கள். டேங்கில் நின்ற தண்ணீரும் சேர்ந்து வரும். ஈரம் தங்கிய இடத்துக்கு டபிள்யூ.டி.-40 சரியாகப் பயன்படுவது இப்போதுதான். ஆனால் செக்மென்ட்டிலிருந்து பின்னால் கழுவி எடுத்துவிடவேண்டும்.

பெரிய ரோலர் திரும்பல்ல. அதுவும் துருவா?

ரப்பர் கல்லாகிவிட்டாலும் ரோலர் திரும்பும். திரும்பாவிட்டால் அடியில் இருக்கும் சின்ன ரோலர்களைப் பாருங்கள். பேப்பர் ரிலீஸைத் தளர்த்தாமல் வருடக்கணக்கில் வைத்திருந்தால் அவற்றின் ரப்பர் நசுங்கி, உருகி ஒட்டியிருக்கும். ரிலீஸைத் தளர்த்தி, நடுவில் அட்டைத் துண்டை நுழைத்துப் பிரியுங்கள். ரோலரின் முனைகளில் உள்ள அச்சு துருப்பிடித்திருந்தால் மட்டும் அங்கே ஒரு சொட்டு எண்ணெய். ரப்பரில் எண்ணெய் படவே கூடாது.

எங்க தாத்தாவோட தமிழ் மிஷின். புள்ளி அடிச்சா கேரேஜ் நகரல்ல. அதையும் இளக்கணுமா?

தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், அது அப்படித்தான் இருக்கவேண்டும். 1930-களில் ஆர். முத்தையா தமிழ் விசைப்பலகையை அமைத்தபோது நகரா விசை என்று வைத்தது இதுதான். முதலில் மெய்யெழுத்தின் புள்ளியை அடிப்போம், கேரேஜ் நிற்கும். அடுத்து க போன்ற எழுத்தை அடித்தால் புள்ளிக்குக் கீழே அது வந்து உட்காரும், அப்போது கேரேஜ் நகரும். எழுதும் வரிசைக்குத் தலைகீழ் என்பதால் கம்ப்யூட்டரில் பழகியவர்களுக்கு இது கோளாறாகத் தெரியும். ஒரு பிள்ளை யூடியூபைப் பார்த்து, நகரா விசையைச் "சரிசெய்ய" கம்பியை வளைத்துக் கொண்டுவந்தான். பாவம், ஆசையாகத்தான் செய்திருந்தான். க் என்று அடித்தால் புள்ளி ஒரு இடத்திலும் க இன்னொரு இடத்திலும் விழுந்தன.

சாதாரண எழுத்தை அடித்தும் நகராவிட்டால்தான் கோளாறு. எல்லா எழுத்துக்கும் நகரவில்லையென்றால் எஸ்கேப்மென்ட்டைக் கழுவுங்கள். ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் என்றால் அந்தப் பார் முழுத் தூரமும் போகவில்லை, செக்மென்ட்டில் அதன் வெட்டைப் பாருங்கள்.

வெளியில இருக்கிற துருவையும் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கணுமா சார்?

என் விருப்பம், வேண்டாம். துரு பரவாமல் நிறுத்துங்கள். நைசான ஸ்டீல் வூலில் எண்ணெய் தொட்டு, துகள் உள்ளே விழாதபடி துணி மூடித் தேய்த்தால் போதும். தக்கலையில் ஆதாரம் (பத்திரம்) எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் மிஷினை அவர் மகள் கொண்டுவந்தார். ஸ்பேஸ் பாரில் வலது கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் குழிவிழுந்திருந்தது. புது பார் மாட்டட்டுமா என்று கேட்கவே எனக்கு மனசு வரவில்லை. உள்ளே எல்லாம் கழுவினேன், அந்த இடத்தை விட்டுவிட்டேன்.

எவ்வளவு செஞ்சும் இளகல்ல. எப்போ கைவிடணும்?

அடிச்சட்டம் விரிசல் விட்டிருந்தால், அல்லது செக்மென்ட்டின் வெட்டுகளைத் துரு அரித்துப் பார்கள் பக்கவாட்டில் ஆடினால், அதை ஓடவைக்க முடியாது. மற்ற எதற்கும் பொறுமைதான் வழி. ஒரு மாதமாக வாரத்துக்கு இரண்டு சொட்டு என்று விட்டு, ஐந்தாவது வாரம் இளகிய கேரேஜைப் பார்த்திருக்கிறேன்.

ஓடாது என்று முடிவானாலும் ஆக்கர்க்கடையில் (பழைய இரும்புக் கடையில்) எடைக்குப் போடாதீர்கள். ஸ்குரூ, ஸ்பிரிங், ரிப்பன் ஸ்பூல், பெல், நட்சத்திரச் சக்கரம் எல்லாம் இன்னொரு மிஷினுக்கு வேண்டும், புதிதாக எங்கும் கிடைக்காது. முட்டத்திலிருந்து வந்த ஒரு ரெமிங்டனை என்னால் இளக்கவே முடியவில்லை. அதன் உதிரிகள் இதுவரை ஏழு மிஷின்களுக்குப் போயிருக்கின்றன. பெல்லும் மார்ஜின் ஸ்டாப் இரண்டும் இன்னும் டப்பாவில் இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் மிஷினோடு வாருங்கள்.